இரண்டு நோட்டுகள்

என்னிடம் இரண்டு நோட்டுகள் இருக்கின்றன. ஒன்று, 1984 முதல் 1987 வரை சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் பிராணிகள் அறையில் வேலை பார்த்தபோது நான் எழுதியது. வேலையை விட்டு வந்தபோது யாரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. மற்றது என் அத்தையின் பீடிக் கணக்குப் பாஸ் புத்தகம். 2019 டிசம்பரில் அவள் இறந்த பிறகு, தென்காசி வீட்டில் அவளுடைய தகரப் பெட்டியைத் திறந்தபோது, ஒரு பழைய பட்டுத் துணிக்கு அடியில் கிடைத்தது.

இரண்டிலும் கட்டம் போட்ட பத்திகள். என் நோட்டில் தேதி, எலியின் எண், உடல் எடை, கொடுத்த அளவு, குறிப்பு. அத்தையின் நோட்டில் தேதி, கொடுத்த இலை, கொடுத்த தூள், வந்த பீடி, கழித்த பீடி, கூலி. இரண்டையும் ஒரே மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குச் சில வருஷங்கள் ஆயின. துக்கம் ஒரு காரணம்தான். இரண்டையும் சேர்த்துப் படித்தால் என்ன தெரிய வரும் என்பது எனக்குப் பெட்டியைத் திறந்த அன்றைக்கே தெரிந்திருந்தது என்பது இன்னொரு காரணம்.

அத்தை என் அப்பாவின் தங்கை. பத்தொன்பது வயதில் தாலி அறுத்து எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். பதினாலு வயதில் மடியில் ஏறிய சுளகு, கல்யாணமான இரண்டு வருஷம்கூட இறங்கவில்லை. 1978இலிருந்து 1983 வரை நான் கல்லூரியில் உயிர் ரசாயனம் படித்த செலவில் பாதிக்கு மேல் அவளுடைய பீடிக் காசு. இதை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. படித்து முடித்து நான் போய்ச் சேர்ந்த வேலை, புகையின் தாரில் இருக்கும் ஒரு பொருளை வெள்ளைச் சுண்டெலிகளின் வயிற்றுக்குள் செலுத்துவது. இந்தத் தொடர்பில் உள்ள வக்கிரம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. சம்பளம் வந்தது. அத்தைக்கு முதல் மாதச் சம்பளத்தில் ஒரு சேலை வாங்கினேன்.

*

பென்சோபைரீன் என்பது அந்தப் பொருளின் பெயர். எது எரிந்தாலும் கொஞ்சம் உண்டாகும். விறகில், கரியில், சிகரெட்டில், பீடியில். 1775இல் லண்டனில் பெர்சிவல் பாட் என்ற வைத்தியர், புகைபோக்கி சுத்தம் செய்யும் பையன்கள் வளர்ந்த பின் அவர்களுடைய விதைப்பையில் புற்று வருகிறது என்றும் கரிதான் அதற்குக் காரணம் என்றும் எழுதினார். கரிக்குள் இருப்பது என்ன என்று தெரிய 150 வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1930களின் தொடக்கத்தில் லண்டனில் கென்னவேயின் குழுவைச் சேர்ந்தவர்கள், எரிவாயுத் தொழிற்சாலைக் கழிவான கீலை இரண்டு டன் எடுத்துக் காய்ச்சி, வடித்து, பிரித்து, கடைசியில் சொற்பமான மஞ்சள் படிகத்தை எடுத்தார்கள். 1933இல் அதை உலகத்துக்கு அறிவித்தார்கள். இரண்டு டன் என்ற கணக்கை நான் பாடப் புத்தகத்தில் படித்தேன். அது பின்னால் வேறு இடத்தில் எனக்கு எதிர்ப்படும் என்று நினைக்கவில்லை.

அதற்கு முன்னாலேயே ஜப்பானில் யாமாகிவா என்பவர், இச்சிகாவா என்ற உதவியாளருடன், முயல்களின் காதில் கரித்தாரைத் தடவிக்கொண்டு வந்தார். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை, மாதக்கணக்கில், சிலவற்றுக்கு ஒரு வருஷத்துக்கு மேல். அவருக்கு முன் தடவிப் பார்த்தவர்கள் பொறுமை இழந்து விட்டுவிட்டார்கள். இவர் விடவில்லை. 1915இல் காதில் புற்று வந்தது. மனிதன் தன் கையால், ஒரு ரசாயனப் பொருளைக் கொண்டு, வேறொரு ஜீவனில் புற்றை உண்டாக்கியது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் யாமாகிவா ஒரு ஹைக்கூ எழுதினார். கவிதை எழுதுகிறவர்கள் படிக்கும் பத்திரிகையில் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தக் கவிதையைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. கண்டுபிடித்தவனின் நிமிர்வு அதில் உண்மையாக இருக்கிறது. முயல் அதில் இல்லை. முயல் இருந்திருந்தால் அது ஹைக்கூவாக இருந்திருக்காது என்று தோன்றுகிறது.

எங்கள் அறையில் செய்தது முயலின் காது அளவுக்குக்கூட நாடகம் இல்லாத காரியம். பிளாஸ்டிக் கூண்டு. அடியில் நெல் உமி. மேலே கம்பி வலையில் தீவனக் குச்சிகள், கவிழ்த்த தண்ணீர்ப் பாட்டில். சுண்டெலிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய ரோமத்தில் பிக்ரிக் அமிலத்தால் மஞ்சள் பொட்டு வைப்போம். தலையில் பொட்டு என்றால் 1, முதுகில் என்றால் 2, வாலடியில் என்றால் 3. எண்ணெயில் கரைத்த பென்சோபைரீனை, நுனி உருண்ட ஊசியால், தொண்டை வழியாக வயிற்றுக்குள் விட வேண்டும். வாரம் இரண்டு தடவை, நான்கு வாரம். எடைக்குத் தகுந்த அளவு. பிறகு காத்திருக்க வேண்டும். பதினாறாவது வாரம் திறந்தால் நுரையீரலின் மேல் ஜவ்வரிசி மாதிரி முத்து வெள்ளையில் சின்னச் சின்ன முடிச்சுகள். சுண்டெலியின் நுரையீரல் மொத்தமும் விரல் நுனியில் அடங்கும். இளஞ்சிவப்பு. கையில் எடுத்தால் கனமே தெரியாது. அதில் முடிச்சுகளை எண்ணி எழுதுவது என் வேலை.

வயிற்றில் விட்டது நுரையீரலில் எப்படி வந்து முளைக்கிறது என்பது எனக்கு அப்போது பெரிய ஆச்சரியமாக இருந்தது. இப்போதும் ஆச்சரியம்தான். பென்சோபைரீன் நேரடியாக யாரையும் கொல்வதில்லை. எண்ணெயோடு சேருமே தவிரத் தண்ணீரில் கரையாது. உடம்புக்கு அதை வெளியேற்ற வேண்டும். வெளியேற்றத் தண்ணீரில் கரைய வைக்க வேண்டும். அதற்காகக் கல்லீரலிலும் நுரையீரலிலும் உள்ள என்சைம்கள் அதன்மீது ஆக்ஸிஜனை ஏற்றுகின்றன. அப்படி ஏற்றும்போது நடுவில் உண்டாகும் ஒரு வடிவம்தான் உயிரணுவின் மரபுச் சங்கிலியைப் போய்ப் பிடித்துக்கொள்கிறது. அழுக்கை வெளியே தள்ளப் போய், அந்தத் தள்ளுகிற கையே விஷத்தைத் தயாரித்துவிடுகிறது. சிகரெட் குடித்தவர்களின் நுரையீரல் புற்றில் பி53 என்ற ஜீன் எந்த எந்த இடத்தில் பழுதுபட்டிருந்ததோ, அதே இடங்களில்தான் இந்த வடிவம் போய் ஒட்டுகிறது என்று 1996இல் காட்டினார்கள். அதுவரை எலியின் முதுகு மனிதனின் நுரையீரல் ஆகாது என்று புகையிலைக் கம்பெனிகள் சொல்லிக்கொண்டிருந்தன. 1953இல் விண்டரும் கிரஹாமும் சிகரெட் தாரைச் சுண்டெலிகளின் முதுகில் பூசி நூற்றுக்கு 44இல் புற்று வரவழைத்துக் காட்டிய பிறகு எழுந்த வாதம் அது. வாதம் முழுக்கத் தப்பில்லை என்பதுதான் சங்கடம். எலியின் முதுகு மனிதனின் நுரையீரல் இல்லைதான். ஆனால் யார், எதற்காக, எந்தச் சமயத்தில் அதைச் சொன்னார்கள் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

*

ஆராய்ச்சிக் கட்டுரைகளில் எலியைக் கொன்றோம் என்று எழுதமாட்டார்கள். பலியிட்டோம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைத்தான் எழுதுவார்கள். நானும் நோட்டில் அதன் முதல் எழுத்துகளைத்தான் போட்டிருக்கிறேன். பலி என்றால் ஒரு சாமி வேண்டும், கொடுப்பவன் வேண்டும், பங்கு வாங்கிப் போகிற ஊர் வேண்டும். எங்கள் பக்கத்துக் கொடைகளில் கிடா வெட்டும்போது அது தலையை ஆட்டிச் சம்மதம் கொடுக்கும் வரை தண்ணீர் தெளித்துக்கொண்டு காத்திருப்பார்கள். தண்ணீர் பட்டால் எந்தக் கிடாவும் தலையை ஆட்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் காத்திருப்பார்கள். எங்கள் அறையில் அந்தப் பாசாங்குக்கு இடமில்லை. அது நேர்மையா அல்லது இன்னொரு வகைக் குறைவா என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

1986 பிப்ரவரியில் ருக்மிணி தேவி அருண்டேல் காலமான செய்தியை அந்த அறையில் உட்கார்ந்து பேப்பரில் படித்தேன். நாட்டியத்துக்காக அவரைத் தெரியும். ராஜ்ய சபாவில் பிராணிவதைத் தடைக்காக மசோதா கொண்டு வந்தவர் அவர், நேருவின் வாக்குறுதியை ஏற்று அதைத் திரும்பப் பெற்றார், பிறகு அரசாங்கமே 1960இல் சட்டம் கொண்டு வந்தது என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். அதன் 14ஆம் பிரிவு, உயிர் காக்கவும் நோய் தீர்க்கவும் பயன்படும் அறிவுக்காகச் செய்யும் பரிசோதனைகள் சட்ட விரோதமாகா என்கிறது. அடுத்த பிரிவு, அவற்றைக் கண்காணிக்க ஒரு குழுவை அமைக்கச் சொல்கிறது. விரிவான விதிகள் வர 1998 ஆயிற்று. எங்கள் காலத்தில் கண்காணிப்பு என்பது அவரவர் மனசாட்சியும், தண்ணீர்ப் பாட்டிலை நிரப்பினாயா என்ற கேள்வியும்தான்.

அந்த மனசாட்சியின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். அதே வருஷம் பொங்கலுக்கு நான் தென்காசி வந்திருந்தேன். ஒரு கூண்டில் தண்ணீர்ப் பாட்டிலின் குழாய் அடைத்துக்கொண்டிருந்ததை, ரயில் ஏறுகிற அவசரத்தில், நான் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது நான்கு சுண்டெலிகள் உமிக்குள் செத்துக் கிடந்தன. பன்னிரண்டாவது வாரம். தாகத்தால் செத்தன என்று எழுதியிருக்க வேண்டும். நான் எழுதியது, 'நீக்கப்பட்டவை'. யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. நானே கண்டுபிடித்த சொல் அது. சராசரியில் அந்த நான்கும் சேரவில்லை. நோட்டில் அந்தப் பக்கத்தில் என் கையெழுத்து மற்றப் பக்கங்களைவிட அழகாக இருக்கிறது.

*

பீடிக் கடையிலும் கழிப்பது உண்டு. காலையில் கடையில் இலையும் தூளும் நிறுத்துக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்து இலையை நனைத்து, ஈரத் துணியில் சுற்றி வைத்து, தகட்டை வைத்துக் கத்தரியால் வெட்டி, தூளைப் போட்டுச் சுருட்டி, நுனியை நகத்தால் மடித்து, நூலைச் சுற்ற வேண்டும். 25 பீடி ஒரு கட்டு. சாயந்திரம் கொண்டு போனால் கடைக்காரர் கட்டைத் தூக்கிப் பார்த்துச் சிலவற்றைக் கழிப்பார். கழித்த பீடிக்குக் கூலி கிடையாது. ஆனால் கழித்த பீடி வீட்டுக்குத் திரும்பி வந்ததும் கிடையாது. அத்தையின் நோட்டில் ஒவ்வொரு நாளும் அந்தப் பத்தியில் ஒரு எண் இருக்கிறது. 20, 35, 15. தென்காசி, ஆலங்குளம், பாவூர்ச்சத்திரம், முக்கூடல் என்று எங்கள் பக்கத்தில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் நடையில் பெண்கள் மடியில் சுளகோடு உட்கார்ந்திருப்பார்கள். பேச்சு நடக்கும், கை நிற்காது. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே சுற்றுவார்கள். காற்று அடித்தால் தூள் பறக்கும் என்று ஃபேனைப் போட மாட்டார்கள். தும்மல் என்பது எங்கள் தெருவில் சகுனத்தில் சேராது.

2017இல் அத்தைக்கு வறட்டு இருமல் நிற்காமல் இருந்தது. காசிவிஸ்வநாதர் கோயில் கோபுர வாசலில் எப்போதும் ஒரு காற்று எதிரே வந்து தள்ளும். அந்தக் காற்றை வாங்கிக்கொண்டு நிற்பது அவளுக்குப் பிடிக்கும். அந்த வருஷம் அவள் அங்கே நின்றது பிடித்ததால் இல்லை, உள்ளே நடக்க முடியாமல். விரல் நுனிகள் எல்லாம் பருத்து, நகம் கிளி மூக்காக வளைந்திருந்தது. "பீடி சுத்துன கை அப்பிடித்தான் இருக்கும்" என்றாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் விரலைப் பார்த்ததுமே முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். நான் கொஞ்சம் படித்தவன் என்று தெரிந்து, என்னையும் கேட்கச் சொன்னார். மூச்சை இழுக்கும் முடிவில் அடிப்பக்கத்தில் ஒரு சத்தம். நனைக்காத பீடி இலையைக் கைக்குள் வைத்துக் கசக்கினால் வருகிற சத்தம். வேறு உவமை எனக்கு வரவில்லை. நான் தேடவும் இல்லை.

டாக்டர் கேட்டார், எழுதுகிறவர் எழுதிக்கொண்டார். புகை பிடிப்பது உண்டா? இல்லை. விறகடுப்பா? முன்னால் உண்டு. என்ன வேலை பார்த்தீர்கள்? "வேலைக்கு எங்க போனேன், வீட்டுலதான்" என்றாள் அத்தை. தொழில் என்ற கட்டத்தில் எழுதுகிறவர் 'இல்லத்தரசி' என்று எழுதினார். அத்தை பொய் சொல்லவில்லை. 42 வருஷம் அவள் வீட்டில்தான் இருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. வெளியே ஆட்டோ காத்திருந்தது. அடுத்த நோயாளி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். சொன்னாலும் வைத்தியம் மாறப் போவதில்லை. இந்தக் காரணங்களை எல்லாம் அன்றைக்கு இரவே தயாரித்துக்கொண்டேன். அளவை எழுதுவதற்கென்றே மூன்று வருஷம் சம்பளம் வாங்கியவன் நான்.

நோய்க்கு வைத்த பெயர் இடியோபதிக் பல்மனரி ஃபைப்ரோஸிஸ். நுரையீரலில் தழும்பு. முதல் சொல்லுக்குக் காரணம் தெரியாதது என்று அர்த்தம். காரணத்தைத் தேடிக் கிடைக்காதபோது வைக்கிற பெயர். கேட்காதபோதும் சொல்லாதபோதும்கூட அதே பெயர்தான் வரும். பீடித் தூள்தான் அத்தையின் நுரையீரலைத் தழும்பாக்கியது என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. ஆனால் அது ஆதாரம் இல்லாததாக ஆன நிமிஷத்தில் நான் அந்த அறையில் இருந்தேன்.

*

தழும்பையும் பிராணிகளில் உண்டாக்குவார்கள். எங்களுக்கு அடுத்த மேஜையில் அதுதான் நடந்தது. அதற்கு ப்ளியோமைசின் என்ற மருந்து. 1960களில் ஜப்பானில் உமெஸாவா, ஒரு மண் நுண்ணுயிரிலிருந்து எடுத்தது. புற்றுக்கு மருந்து. புற்றைக் கரைக்கும் அதே மருந்து சில நோயாளிகளின் நுரையீரலைக் கட்டியாக்கிவிட்டது. அதைச் சிதைக்கிற என்சைம் உடம்பில் மற்ற இடங்களில் இருக்கிறது. தோலிலும் நுரையீரலிலும் மிகக் குறைவு. அந்த விபத்தையே பரிசோதனையாக மாற்றிக்கொண்டார்கள். எலியின் மூச்சுக்குழலில் ஒரு சொட்டு. முதல் வாரம் வீக்கம். இரண்டு மூன்று வாரத்தில் தழும்பு. நுரையீரலை அமிலத்தில் கொதிக்க வைத்து, ஹைட்ராக்ஸி ப்ரோலினை அளந்தால் எவ்வளவு கொலாஜன் சேர்ந்திருக்கிறது என்று தெரியும். சோதனைக் குழாயில் அது ரோஜா நிறத்தில் வரும். நிறம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு தழும்பு.

கொலாஜன் என்பது தோலின் நார். தோலைப் பதப்படுத்துவது என்றால் கொலாஜனைப் பதப்படுத்துவது. ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1950களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அதன் மூன்று இழை முறுக்கைக் கண்டுபிடித்தபோது, கங்காரு வால் நரம்பு முதலிய மாதிரிகள் அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்துதான் வந்தன. பிற்காலத்தில் அதே தோல் நிலையத்தில் நுரையீரல் தழும்பு ஆராய்ச்சியும் நடந்தது. செருப்புக்கும் மூச்சுக்கும் ஒரே நார் என்பது எனக்கு விசித்திரமாகப் படவில்லை, நியாயமாகப் பட்டது. 1997இலும் 2000இலும் அங்கிருந்து வந்த கட்டுரைகள், ப்ளியோமைசின் கொடுத்த எலிகளுக்கு மஞ்சளின் குர்குமினைக் கொடுத்தால் தழும்பு குறைகிறது என்று காட்டின. தரமணியில் பல்கலைக்கழக வளாகத்தில் பென்சோபைரீன் சுண்டெலிகளுக்கு மிளகின் பைப்பரீனையும் மிளகாயின் காப்ஸைசினையும் கொடுத்துப் பார்த்தார்கள். நம் அஞ்சறைப் பெட்டி முழுவதும் எலிகளுக்குள் போயிருக்கிறது.

இதை எங்கோ கேள்விப்பட்ட பக்கத்து வீட்டு ஆச்சி தினமும் அத்தைக்கு மஞ்சள் பால் கொண்டு வந்தாள். ஒருநாள் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எலிக்குக் கிலோவுக்கு 300 மில்லிகிராம் என்று வைத்தால், 50 கிலோ மனுஷிக்கு நேர்க்கணக்கில் 15 கிராம் குர்குமின். மஞ்சளில் நூற்றுக்கு மூன்று பங்கு குர்குமின் என்றால் நாளுக்கு அரைக் கிலோ மஞ்சள். ஆச்சியிடம் இதைச் சொல்லவில்லை. பாலை அத்தை ஆச்சிக்காகக் குடித்தாள்.

எலிக்கும் அத்தைக்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு. இளம் எலியில் ஒரே ஒரு தடவை கொடுத்த ப்ளியோமைசின் உண்டாக்கிய தழும்பு, சில வாரங்கள் போனால் தானாகவே குறைய ஆரம்பிக்கும். அதனால் பெரும்பாலும் 21ஆம் நாளிலோ 28ஆம் நாளிலோ பரிசோதனையை முடித்துவிடுவார்கள். குணமாகிக்கொண்டிருக்கும் பிராணியைக் குணமாவதற்கு முன் திறந்து பார்க்கிறோம். மனிதர்களில் இந்தத் தழும்பு பின்வாங்குவதில்லை. எலியைக் காப்பாற்றிய எத்தனையோ பொருள்கள் மனிதனிடம் வந்து தோற்றுப் போனதற்கு இதுவும் ஒரு காரணம். எலிக்கு 21 நாள்தான் வயது. அத்தைக்கு வயது அவளுடைய மடியில் ஏறிய எல்லாத் தூளும்.

இருந்தும் ஒரு பொருள் தப்பி வந்தது. அத்தைக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை பிர்ஃபெனிடோன். 1990களில் கலிஃபோர்னியாவில் ஹாம்ஸ்டர்களுக்கு ப்ளியோமைசின் கொடுத்து, தீவனத்தில் பிர்ஃபெனிடோனைக் கலந்து வைத்துப் பார்த்தார்கள். அந்தக் கட்டுரைகளில் ஐயர், கிரி என்ற பெயர்கள் இருக்கின்றன. தழும்பு குறைந்தது. மனிதர்களில் குறைப்பதில்லை, பரவும் வேகத்தைத் தணிக்கிறது. நாள் தள்ளிப் போடுகிற மருந்து. சோற்றைப் பார்த்தால் குமட்டும். வெயிலில் நின்றால் தோல் கொப்பளிக்கும்.

வெயில் ஆகாத மருந்து என்று டாக்டர் சொன்னதும் அத்தை சிரித்தாள். "அப்போ சாரல்ல போலாம்லா?"

*

2018 ஜூலையில் குற்றாலத்துக்குக் கூட்டிப் போனேன். செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு வரும் நாட்கள். ஐந்தருவிக்குப் போக வேண்டும் என்றாள். முடியாது என்று பேரருவியோடு நிறுத்திக்கொண்டேன். அருவிக்குப் பக்கத்தில் போக முடியவில்லை. சாலை ஓரத்தில், திவலை வந்து விழுகிற தூரத்தில், ஒரு நாற்காலி வாங்கிப் போட்டேன். எண்ணெய் தேய்த்துக்கொண்டவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் முகத்தை மட்டும் நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சின்ன வயதில் சீசன் சமயத்தில், பீடி சுற்றும் பெண்கள் ஏழெட்டுப் பேர், விடியுமுன் தென்காசியிலிருந்து நடந்தே வந்து குளித்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்பிப் போய் சுளகை எடுத்துக்கொள்வார்களாம். "சோப்புப் போட்டாலும் போவாது, சீயக்கா போட்டாலும் போவாது. அருவியில நின்னாத்தான் உடம்புல இருந்து அந்த வாடை போவும். மத்தியானத்துக்குள்ள திரும்பவும் வந்துரும், அது வேற" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: "எய்யா, நீ மெட்ராஸ்ல எலிக்கு மருந்து குடுத்தேல்லா. அதுக்கும் இப்பிடித்தான் முட்டுமா?"

நான் வேலையை விட்டு முப்பது வருஷம் ஆகியிருந்தது. அவள் அதைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. முடிச்சு வந்தவைக்கு முட்டாது அத்தை, அதற்கு முன்னாலேயே முடித்துவிடுவோம் என்றேன். தழும்பு வந்தவைக்கு முட்டும், மூலையில் ஒண்டிக்கொண்டு ரோமத்தைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்றேன்.

"பாவம்" என்றாள். பிறகு, "நான் தின்னுத மாத்திரையும் அதுக்குக் குடுத்துப் பார்த்ததுதானா?"

ஆமாம் என்றேன். அவள் எதுவும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்கு நான் பலவிதமாக அர்த்தம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நன்றி என்று, குற்ற உணர்வு என்று, மூச்சு வாங்குகிறவள் பேச்சை மிச்சம் பிடித்தாள் என்று. கடைசியில் சொன்னதுதான் உண்மையாக இருக்க வேண்டும். அந்த மாத்திரையால் அவள் அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்தாள் என்பதும், அந்த மாத்திரைக்குப் பின்னால் பெயரில்லாத உடல்கள் இருந்தன என்பதும், ஒன்றை ஒன்று ரத்து செய்துவிடாத இரண்டு உண்மைகள். எதிர்ப்பவர்களும் ஆதரிப்பவர்களும் இதில் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை 'நீக்கப்பட்டவை'யில் போட்டுவிடுகிறார்கள். அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவன் என்பதால் எனக்கு அது தெரியும்.

*

போன மாதம் இரண்டு நோட்டுகளையும் மேஜையில் வைத்தேன். அத்தையின் நோட்டு 1991ஆம் வருஷத்துடையது. நாளுக்குச் சராசரி 800 பீடி. 1000 பீடிக்குக் கொடுத்த தூள் சுமார் 200 கிராம். வருஷத்தில் 300 நாள் என்று வைத்தால் 48 கிலோ. 1962இலிருந்து 2004 வரை 42 வருஷம். பெருக்கினேன். 2016 கிலோ.

இரண்டு டன். கென்னவேயின் ஆட்கள் காய்ச்சிய கீலின் அளவு. இந்த ஒற்றுமைக்கு ஓர் அர்த்தமும் கிடையாது. எரியாத புகையிலையில் பென்சோபைரீன் முக்கியமில்லை. அதில் முக்கியம் நைட்ரோஸமீன்கள். அவற்றில் ஒன்று, சுருக்கமாக என்என்கே என்பார்கள், எலிக்கு எந்த வழியாகக் கொடுத்தாலும், வாயிலோ தோலுக்கடியிலோ, கடைசியில் நுரையீரலைத் தேடிப் போய்த்தான் முளைக்கும். மும்பை புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் 1980களிலும் 1990களிலும் பீடி சுற்றும் பெண்களின் சிறுநீரைப் பரிசோதித்து, புகைக்காதவர்களின் உடலிலும் புகையிலை இறங்கியிருப்பதைக் காட்டினார்கள். நான் எலிகளின் எடையை எழுதிக்கொண்டிருந்த அதே வருஷங்களில்.

என் நோட்டில் ஒவ்வொரு சுண்டெலிக்கும் எவ்வளவு கொடுத்தோம் என்பது மில்லிகிராம் சுத்தமாக இருக்கிறது. அதன் நோய்க்குக் காரணம் தெரியாதது என்று யாரும் சொல்ல முடியாது. அத்தைக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதும் எழுதப்பட்டே இருந்திருக்கிறது, நாள் தவறாமல், கிராம் சுத்தமாக. தூள் குறைந்தால் கூலியில் பிடிப்பதற்காக எழுதியது. அதை யாரும் அளவு என்று படிக்கவில்லை. படிக்கத் தெரிந்தவன் ஒருவன் அந்த வீட்டிலேயே, அந்தக் காசிலேயே, வளர்ந்துகொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரிக் காகிதங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. தொழில் என்ற கட்டத்தில் இருந்ததை அடித்துவிட்டு, பக்கத்தில் எழுதினேன்: பீடி சுற்றுதல், 42 வருஷம், சுமார் 2000 கிலோ. தேதி போட்டேன். இதனால் யாருக்கும் பிரயோஜனமில்லை என்று தெரியும். பிறகு என் நோட்டை எடுத்து, 1986 பொங்கலுக்கு அடுத்த பக்கத்தைத் திருப்பி, அழகான அந்தக் கையெழுத்துக்கு மேல் கோடு போட்டு, நான்கு எண்களுக்கு எதிரேயும் எழுதினேன். தண்ணீர் இல்லாமல் செத்தன.